பழைய சிறுநூல்களும் பகிரங்கக் கடிதங்களும்: மறுபதிப்புக் குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய மிஷனெரிமாரும் அத்தியட்சர்களும் அரசு அலுவலரும் தமிழகத்தைக் குறித்தும் தமிழ்த் திருச்சபையைக் குறித்தும் எழுதி வெளியிட்ட சிறுநூல்களும் பகிரங்கக் கடிதங்களும் மிகப் பல. அவற்றுள் பெரும்பாலானவை இன்று நூலக அலமாரிகளில் உறங்குகின்றன. சில அண்மைக் காலத்தில் கணினித் திரையில் பட உருவில் காணக் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து ஓரிரு வரிகளைப் பிரசங்கங்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் நாம் எடுத்தாளுகிறோம். முழுவதையும் படித்தோர் சிலரே. இவற்றை இக்காலத் தமிழ் வாசகருக்கென மறுபதிப்புச் செய்ய வேண்டுமா, செய்வதாயின் எம்முறையில் செய்ய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

இக்கேள்வியைப் பெருநகரத்து ஆய்வாளரின் மேசையிலிருந்து எழுப்பாமல், போச்சம்பள்ளி வட்டாரத்தில் ஊழியம் செய்யும் போதகரின் நிலையிலிருந்து எழுப்ப விரும்புகிறோம். 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியைச் சேர்ந்தது போச்சம்பள்ளி. ஞாயிறுதோறும் கூடும் சந்தைக்குப் பெயர்பெற்ற அவ்வூர் இன்று சிப்காட் தொழிற்பேட்டையாலும் அறியப்படுகிறது. ஓசூர் முதல் போச்சம்பள்ளி வரையுள்ள இந்த எல்லைப் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குகின்றன. வேலை தேடி வந்தோர் பலர் பிற மாவட்டத்தார், பிற மாநிலத்தார். பழைய கிராமச் சபையில் பெரும்பாலும் ஒரே தெருவார், ஒரே உறவினர் கூடினர். தொழிற்பேட்டையை அடுத்த சபையிலோ, ஒருவரையொருவர் முன்பின் அறியாத பல ஊராரும் பல சாதியாரும் ஒரே பலகையில் அமர்கின்றனர். திருவிருந்துக்கு யார் முதலில் செல்வது, எவர் வீட்டில் ஜெபக்கூட்டம் வைப்பது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் எங்கே, கல்லறைத் தோட்டத்தில் எவருக்கு எந்த மூலை என்னும் கேள்விகள் அங்கு வாய்விட்டுக் கேட்கப்படாமலே எழுகின்றன. அப்போது, "இதையெல்லாம் ஆதி மிஷனெரிமார் அன்றே தீர்த்துவிட்டனர்" என ஒரு சாராரும், "இதையெல்லாம் அவர்களே அனுமதித்தனர்" என மற்றொரு சாராரும் கூறக் கேட்கிறோம். இரு சாராரும் மூல ஆவணத்தைப் படித்ததில்லை. ஆகவே மறுபதிப்பு என்பது புத்தகப் பிரியரின் பொழுதுபோக்கன்று. சபை நடத்துவோருக்கு உற்ற தேவையாகும்.

1. சிறுநூலின் இயல்பு

சிறுநூல் என்பது சில பக்கங்களே கொண்டு, கெட்டி அட்டையின்றித் தைக்கப்பட்டு, குறைந்த விலைக்கோ இலவசமாகவோ வழங்கப்பட்ட ஏடு. ஒரு குறிப்பிட்ட வேளையில், ஒரு குறிப்பிட்ட விவாதத்தில், ஒரு குறிப்பிட்ட வாசகரை இணங்கச் செய்ய எழுதப்பட்டது அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இவ்வகை எழுத்து பெருகிற்று. வில்லியம் கேரி 1792-இல் லெஸ்டர் நகரில் அச்சிட்ட மிஷனெரி ஊழிய ஆராய்ச்சி நூறு பக்கங்கூட எட்டாத சிறுநூலே. 1799-இல் லண்டனில் கைப்பிரதிச் சங்கம் தோன்றிற்று. 1818-இல் சென்னையிலும் அத்தகைய சங்கம் ஏற்பட்டது. கேரியின் நூல் 1891-லும் 1961-லும் மூலப் பதிப்பின் உருவிலேயே மீண்டும் அச்சிடப்பட்டது. திருச்சபை தான் போற்றும் சிறுநூலை இங்ஙனம் எளிதில் மறுபதிப்பிடுகிறது. தன்னைச் சங்கடப்படுத்தும் சிறுநூலை என்ன செய்கிறது என்பதில்தான் அதன் உண்மைப் பற்று சோதிக்கப்படுகிறது.

சிறுநூலுக்கும் பகிரங்கக் கடிதத்திற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. அவை உரையாடலின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதி வேறோர் ஏட்டில் இருக்கும். அல்லது கையெழுத்துப் பிரதியில் இருக்கும். அல்லது எழுதப்படாமலே போயிருக்கும்.

இந்நிலை இறையியல் மாணவருக்குப் புதியதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஏழாம் அதிகாரத் தொடக்கத்தில், அவர்கள் தமக்கு எழுதிய காரியங்களுக்குப் பவுல் மறுமொழி கூறத் தொடங்குகிறார். அவர்கள் எழுதிய கடிதமோ நமக்குக் கிடைக்கவில்லை. அதனை ஊகித்தறியாமல் அப்பகுதியைச் சரிவர விளக்க இயலாதென நம் விரிவுரையாளர்கள் கற்பிக்கின்றனர். பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில் எழுதியவரின் குரலைக் கேட்கிறோம். பெற்றவரின் நிலையை உணர்கிறோம். யாரைக் குறித்து எழுதப்பட்டதோ அந்த ஒநேசிமுவின் குரல் ஓரிடத்தும் கேட்பதில்லை. கொலோசெயர் 4:16-இல், தம் நிருபம் லவோதிக்கேயாவிலும் வாசிக்கப்படவும், அங்கிருந்து வரும் நிருபம் கொலோசெயில் வாசிக்கப்படவும் பவுல் ஏற்பாடு செய்கிறார். ஓரிடத்துக் கடிதத்தை வேறோரிடத்தார் படிப்பது திருச்சபையின் தொடக்ககால வழக்கம் என்பது இதனால் விளங்கும். கொரிந்தியரின் கடிதத்தைத் தேடும் அதே கவனத்தோடு நம் நாட்டுச் சபை ஆவணங்களையும் படிக்க வேண்டும் என்பதே நாம் கூற விழைவது.

2. அத்தியட்சர் வில்சனின் கடிதம்

முதல் எடுத்துக்காட்டாக, கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833 ஜூலை 5 தேதியிட்டுத் தென்னிந்தியச் சபைகளின் பொருட்டு எழுதிய கடிதத்தைக் கொள்வோம். லண்டனை அடுத்த இஸ்லிங்டனில் குருவாயிருந்த வில்சன் 1832-இல் கல்கத்தாவின் அத்தியட்சரானார். சென்னைக்கெனத் தனி அத்தியட்சர் 1835-இல்தான் ஏற்பட்டமையால், தஞ்சாவூர்ச் சபையும் அவர் மேற்பார்வையிலேயே இருந்தது. சுவார்ட்ஸ் ஐயர் 1798-இல் மறைந்த பின்னரும், அவர் காலத்து வழக்கப்படியே வேளாளர் முதலிய சாதியாரும் பறையரும் ஒரே ஆலயத்தில் வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்தனர்; திருவிருந்தையும் முன்பின்னாகப் பெற்றனர். 1826-இல் தஞ்சாவூருக்கு வந்த அத்தியட்சர் ஈபர் இதனைக் குலமரியாதை சார்ந்த உலக வழக்கமாகக் கருதிப் பொறுமை காட்டும் மனநிலையில் இருந்தார். சில நாட்களில் திருச்சிராப்பள்ளியில் அவர் காலமானார். ஏழாண்டுகளுக்குப் பின் வில்சன் வேறு தீர்ப்பு வழங்கினார்.

சாதி வேற்றுமை உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்பட வேண்டும் என்பதே அத்தீர்ப்பு. இந்த மூன்று அடைமொழிகளையும் திருச்சபை வரலாறு எழுதுவோர் அனைவரும் எடுத்தாளுகின்றனர். ஆனால் கடிதம் அத்துடன் முடியவில்லை. புதிதாகத் திருமுழுக்குப் பெறுவோரும் புதிதாகத் திருவிருந்தில் சேர்வோரும் சாதியை விட்டுவிட வேண்டும் என அது விதிக்கிறது. ஏற்கெனவே திருவிருந்தில் பங்குபெற்றுவரும் முதியோரையோ வெளிப்படையாகச் சாதியைத் துறந்து அறிக்கையிடுமாறு வற்புறுத்த வேண்டாம் என்கிறது. காலப்போக்கில் அவ்வழக்கம் தானே தேய்ந்துபோகும் என எதிர்பார்க்கிறது. அதே வேளையில், ஆலயத்தில் இடம், திருவிருந்துக்கு வரும் முறை, திருமண ஊர்வலம், நெற்றிக்குறி, உணவு உடை வேறுபாடு ஆகிய வெளிச்செயல்கள் அனைத்தும் உடனே நிறுத்தப்பட வேண்டும் எனப் பட்டியலிடுகிறது.

முழுக் கடிதத்தைப் படிக்கும் போதகருக்கு இரண்டு உண்மைகள் புலப்படும். கண்டிப்பின் உருவமாகக் காட்டப்படும் வில்சன், ஒரு தலைமுறைக்குச் சலுகை அளித்தார். வெளிச்செயல் நின்றால் உள்ளத்து வேற்றுமையும் தானே மறையும் என அவர் நம்பினார். அந்நம்பிக்கை நிறைவேறிற்றா என்பதற்கு நம் சபைகளே சாட்சி. இருக்கை ஒன்றானது, திருமணம் பெரும்பாலும் ஒன்றாகவில்லை. மூன்று அடைமொழிகளை மட்டும் படிக்கிறவர் வில்சனை வீரராகவோ கொடியவராகவோ காண்பார். முழுவதையும் படிக்கிறவர், தமது சபைக் குழுவில் தாம் சந்திக்கும் அதே தடுமாற்றத்தை ஓர் அத்தியட்சரிடமும் காண்பார்.

இக்கடிதத்தை மறுபதிப்பிடுவோர் அதன் காலத்தையும் முன்னுரையில் சுட்ட வேண்டும். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் அதே 1833-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிறைவேறிற்று. அந்த இயக்கத்தை நடத்திய நற்செய்திப் பற்றாளரின் வட்டத்தைச் சேர்ந்தவரே வில்சன். ஆயினும் அக்காலத்து இங்கிலாந்தின் பல ஆலயங்களில் வசதி படைத்தோர் இருக்கைகளை வாடகைக்குப் பிடித்து வைத்திருந்தனர். ஏழைகள் எஞ்சிய இடத்தில் அமர்ந்தனர். இவ்விரண்டையும் ஒருசேரக் கூறாத முன்னுரை வாசகரை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

3. மறுமொழி எங்கே?

கடிதம் ஆலயங்களில் வாசிக்கப்பட்டபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் மேற்சாதிக் கிறிஸ்தவர் பலர் ஆராதனையை விட்டு விலகினர். 1835-இல் வில்சன் தாமே தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் வந்து தம் தீர்ப்பை வலியுறுத்தினார். விலகியோர் பக்கத்து வாதம் யாது? அதனை அறியத் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் எழுத்துகளை நாட வேண்டும். 1774-இல் பிறந்து 1864 வரை வாழ்ந்த சாஸ்திரியார், வில்சன் வருவதற்கு முன்பே, 1829-இல், இளைய மிஷனெரிமாரின் சீர்திருத்தங்களை எதிர்த்துச் சாதி குறித்து எழுதினார். அவருடைய பாடல்கள் அச்சேறி நம் சபைகளில் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. அவருடைய விவாத எழுத்துகளோ பெரும்பாலும் கையெழுத்துப் பிரதிகளாகவே தங்கிவிட்டன.

அவ்வெழுத்துகளில் சாதியைக் குறித்த முறையீடு தனித்து நிற்கவில்லை. மக்கள் பழகிய வேத மொழிபெயர்ப்பை அவர்கள் சம்மதமின்றி மாற்றியது, திருநாட்களில் மலர் அலங்காரத்தைத் தடுத்தது, ஆராதனையில் தமிழ்ப் பாடலையும் இசையையும் விலக்கியது ஆகிய குறைகளும் அதனுடன் பின்னிக் கிடக்கின்றன. தமிழ்ப் பாடலைக் குறித்து அவர் வழக்காடியது நியாயம் என்பதை இன்று எந்தச் சபையும் மறுக்காது. அதே நூலில் சாதிக்காக அவர் வழக்காடியதை நற்செய்தியின் ஒளியில் நாம் ஏற்க இயலாது. நியாயமான குறையும் நியாயமற்ற பற்றும் ஒரே மனிதரின் ஒரே எழுத்தில் கலந்திருப்பதைக் காண்பது மாணவருக்குப் பயனுள்ள பயிற்சி. பண்பாட்டின் பெயரால் சாதி காக்கப்படும் விதத்தை அவர் அதில் கண்டறிவார். சீர்திருத்தத்தின் பெயரால் பண்பாடு நசுக்கப்படும் விதத்தையும் அவ்வாறே கண்டறிவார். இதற்கு வில்சன் கடிதத்தையும் சாஸ்திரியார் எழுத்தையும் ஒரே மேலட்டைக்குள் சேர்த்து வெளியிடுதல் வேண்டும்.

இவ்விருவரையும் சேர்த்த பின்னரும் மூன்றாவது குரல் ஒன்று குறைபடுகிறது. தஞ்சாவூர் ஆலயத்தின் மறுபக்கத்தில் அமர்ந்திருந்த பறையர் கிறிஸ்தவர் இந்த வழக்கில் என்ன எண்ணினர்? அவர்களைப் பற்றி அத்தியட்சர் எழுதினார், கவிஞர் எழுதினார். அவர்கள் கைப்பட எழுதி அச்சேறிய சிறுநூல் ஒன்றையும் இவ்விருவரின் எழுத்துக்கு இணையாக வைக்க நம்மிடம் இல்லை. இது ஒநேசிமுவின் மௌனத்தை ஒத்தது. மறுபதிப்பாளர் இந்த வெற்றிடத்தை மறைக்காமல் முன்னுரையிலேயே பெயரிட்டுக் காட்ட வேண்டும். பிற்காலத்தில் அம்மக்கள் தம் இதழ்களைத் தாமே நடத்தினர். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் 1914-இல் தாம் மறையும் வரை 'தமிழன்' இதழை நடத்தினார். அயோத்திதாசரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்டது. கிறிஸ்தவ மதத்தைக் கடுமையாக விமரிசித்த பௌத்தர் ஒருவரின் எழுத்தைக் கிறிஸ்தவக் கல்லூரி ஒன்று பதிப்பித்தது நமக்கு நல்ல முன்மாதிரி.

4. புண்படுத்தும் சிறுநூல்

இரண்டாம் எடுத்துக்காட்டு இன்னும் கடினமானது. இடையன்குடியில் ஊழியம் செய்த இராபர்ட் கால்டுவெல், தாம் பணிபுரிந்த சமூகத்தாரின் சமயத்தையும் ஒழுக்க நிலையையும் விவரித்து 1849-இல் சென்னையில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். மறு ஆண்டே அது லண்டனில் அச்சாயிற்று. அச்சமூகத்தாரை இன்று நாடார் என அழைக்கிறோம். சிறுநூலின் தலைப்பிலுள்ள அக்காலப் பெயர் பிற்காலத்தில் இழிவாகக் கருதப்பட்டமையால், நம் உரைநடையில் அதனை வழங்குவதில்லை. இங்கிலாந்து மக்களின் பரிவையும் பொருளுதவியையும் பெறுவது அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. அதன் பொருட்டு அம்மக்களின் வழிபாட்டைப் பேய் வழிபாடெனவும், அவர்கள் அறிவுநிலை தாழ்ந்ததெனவும் அது சித்திரித்தது. தாம் நேசித்த மக்களைத் தூர தேசத்தாருக்கு அறிமுகப்படுத்தும் ஊழியர் விழக்கூடிய கண்ணி இது. இன்றும் வெளிநாட்டு உதவிக்கு அறிக்கை எழுதும் எவரும் இதினின்று தப்பியவர் அல்லர்.

எவரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களே அதைப் படிக்கும் நாள் வந்தது. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்ற தலைமுறை அச்சிறுநூலைக் கண்டு கொதித்தது. நாசரேத்தை அடுத்த பகுதியில் 1857-இல் சட்டாம்பிள்ளை தலைமையில் இந்து கிறிஸ்தவ சபை தனித்துப் பிரிந்தது. ஐரோப்பிய மிஷனெரிமாரின் அதிகாரத்தோடு ஏற்பட்ட மோதல்களில் கால்டுவெல்லின் எழுத்தும் வாதப் பொருளாயிற்று. 1880-களில் எதிர்ப்பு வலுத்தது. 1883-இல் சாமுவேல் சற்குணர் மறுப்பு நூல் வெளியிட்டார். கால்டுவெல்லின் சிறுநூல் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

விலக்கப்பட்ட நூலை மீண்டும் அச்சிடலாமா? தடைகள் மூன்று கூறப்படுகின்றன. பழைய புண்ணைக் கிளறுவதாகும் என்பது முதலாவது. திருச்சபையின் எதிரிகளுக்கு ஆயுதம் தருவதாகும் என்பது இரண்டாவது. ஒரு மாமனிதரின் புகழுக்குக் களங்கமாகும் என்பது மூன்றாவது.

முதல் தடையை நாம் இலேசாகக் கருதவில்லை. இழிசொல்லை மீண்டும் அச்சில் காண்பது அச்சமூகத்தாருக்கு வலி தரும். ஆனால் அந்நூல் ஏற்கெனவே பட உருவில் எவரும் காணுமாறு கிடைக்கிறது. முன்னுரையும் குறிப்பும் மறுப்பும் இன்றித் தனியே கிடைக்கிறது. ஆகையால் இன்று நம் முன் உள்ள தேர்வு, மறுப்போடு படிப்பதா மறுப்பின்றிப் படிப்பதா என்பதே. சற்குணரின் மறுமொழியைச் சேர்த்து அச்சிடும்போது, இழிவுபடுத்தப்பட்ட சமூகம் வாய்மூடி நிற்கவில்லை என்பதையும் வாசகர் அறிகின்றனர். இரண்டாம் தடைக்கு மறுமொழி சுருக்கமானது: நம் குற்றத்தை நாமே கூறினால் அதனைப் பிறர் கண்டுபிடித்ததாகக் கூற இயலாது. மூன்றாவதைக் குறித்து, கால்டுவெல்லின் புகழ் 1856-இல் வெளியான திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலும் இடையன்குடியில் அவர் அரை நூற்றாண்டு ஆற்றிய உழைப்பிலும் உறுதியாய் நிற்கிறது. அச்சிறுநூலை மறைத்து அப்புகழைக் காக்க வேண்டியதில்லை.

5. வெட்டுதலின் விளைவு

மறுபதிப்பாளர் செய்யக்கூடிய பெருந்தவறு வெட்டுதல். இதற்கும் கால்டுவெல்லின் நூலே சான்று. ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு, ஆசிரியரே திருத்தி விரித்தது, 1875-இல் வெளிவந்தது. அதன் பிற்சேர்க்கையில், பறையர் திராவிடர்தாமா என்னும் கேள்வியை எழுப்பி, அவர்களும் திராவிடரே என அவர் வாதிடுகிறார். கால்டுவெல் 1891-இல் மறைந்தார். 1913-இல் ஜே. எல். வயட், தி. இராமகிருஷ்ண பிள்ளை ஆகியோர் பதிப்பித்த மூன்றாம் பதிப்பில் அப்பகுதியும் வேறு சில பகுதிகளும் விடப்பட்டன. பின்னர் பலமுறை அச்சானது அம்மூன்றாம் பதிப்பே. ஆகவே, தாழ்த்தப்பட்ட மக்களும் மற்றத் தமிழரும் ஒரே இனத்தார் என ஓர் அத்தியட்சர் எழுதியிருப்பதை அறியாமலே தலைமுறை தலைமுறையாக மாணவர் அந்நூலைப் பயின்றனர். 2008-இல் சென்னையில் கவிதாசரண் பதிப்பகம் இரண்டாம் பதிப்பை மீண்டும் வெளியிட்ட பின்னரே விடுபட்ட பகுதிகள் பலர் கைக்கு எட்டின.

பதிப்பாசிரியரின் உள்நோக்கத்தை ஆராய்வது நம் வேலையன்று. நூலின் அளவைக் குறைப்பது மட்டுமே நோக்கமாயிருந்தாலும் விளைவு ஒன்றுதான். எரேமியா 36-ஆம் அதிகாரத்தில், யோயாக்கீம் அரசன் புத்தகச் சுருளைச் சூரிக்கத்தியால் அறுத்துத் தீயிலிடுகிறான். பின்பு பாருக்கு அதே வார்த்தைகளை வேறொரு சுருளில் எழுதுகிறான். அவற்றோடு இன்னும் பல சேர்க்கப்படுகின்றன. அறுக்கப்பட்டதை முதலில் முழுவதும் மீட்டு, பின்னரே தன் காலத்திற்கு வேண்டியதைச் சேர்க்கும் அவ்வரிசை மறுபதிப்பாளருக்கு வழிகாட்டுகிறது.

6. மீண்டும் படிக்கப்பட்ட ஓர் அரசுக் குறிப்பு

மறுபதிப்பு வெறும் பழங்கதை அன்று என்பதற்கு மூன்றாம் எடுத்துக்காட்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமன்ஹீர், பறையரின் நிலையைக் குறித்து 1891-இல் அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். நிலமின்மையே அவர்களுடைய அடிமைநிலைக்கு வேர் என அது காட்டிற்று. ஆதம் ஆன்ட்ரு, வில்லியம் கவுடி முதலிய மிஷனெரிமார் அதே காலத்தில் அம்மக்களின் நில உரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தனர். 1892-இல் அரசாணை பிறந்தது; அதன் வழியே பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என வழங்கிய ஒதுக்கீடு ஏற்பட்டது. நூறாண்டுகளுக்குப் பின் அக்குறிப்பைத் தேடியெடுத்துப் படித்தோர் நில உரிமையைக் கோரினர். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காரணை நிலத்திற்காக நடந்த போராட்டத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

போச்சம்பள்ளிப் போதகருக்கு இது தொலைவான செய்தியன்று. அவர் வாழும் பாரமகால் பகுதியை 1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் பெற்றனர். அலெக்சாந்தர் ரீடும் அவர் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோவும் 1799 வரை அங்கு நிலவரி ஒழுங்கு செய்தனர். அவர்களுடைய ஆவணங்களைச் சென்னை அரசு இருபதாம் நூற்றாண்டில் அச்சிட்டது. இன்று தொழிற்பேட்டைகளைச் சுற்றி நிலத்தின் விலை ஏறும்போது, பாட்டன் பெற்ற நிபந்தனைப் பட்டாவை மடித்து எடுத்துக்கொண்டு ஒரு சபையார் போதகரிடம் வந்து, இது விற்கத்தக்கதா, விற்றது செல்லுமா எனக் கேட்கக்கூடும். அவரை வழக்கறிஞரிடம் அனுப்புவதே முறை. ஆயினும் அந்த நிபந்தனை யாருடைய வேதனையிலிருந்து பிறந்தது, அதற்காக மிஷனெரிமார் எவ்வாறு எழுதினர் என்பதை அறிந்த போதகர் அந்தக் காகிதத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்.

7. மறுபதிப்பாளருக்குச் சில நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

முதலாவதாக, எந்தப் பதிப்பிலிருந்து அச்சிடுகிறோம் என்பதை முதற் பக்கத்திலேயே கூற வேண்டும். சென்னைப் பதிப்பும் லண்டன் பதிப்பும், ஆசிரியர் திருத்தியதும் பிறர் சுருக்கியதும் ஒன்றாகா.

இரண்டாவதாக, முழுவதையும் அச்சிட வேண்டும். இடமின்மையால் ஒரு பகுதியை விட நேர்ந்தால், விட்ட இடத்தில் குறியிட்டு, விட்டது யாது என்பதை ஒரு வாக்கியத்திலாவது தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவதாக, மறுமொழி கிடைத்தால் அதனையும் சேர்க்க வேண்டும். கிடைக்காவிடில், அது இல்லை என்பதைக் கூற வேண்டும். யாழ்ப்பாணத்து மிஷனெரிமாரின் சைவ மறுப்புப் பிரசுரங்களை மறுபதிப்பிடுவோர், ஆறுமுக நாவலர் 1854-இல் வெளியிட்ட 'சைவதூஷணபரிகாரம்' நூலை விட்டுவிடலாகாது. பீட்டர் பெர்சிவலின் வேத மொழிபெயர்ப்புக்கு உதவிய அதே நாவலரே அதனை எழுதினார் என்பது வாசகர் அறிய வேண்டிய செய்தி.

நான்காவதாக, மொழிபெயர்ப்பில் காலத்தின் நிறத்தை அழிக்கலாகாது. ஆங்கில மூலத்தில் இந்தியரைக் குறித்த 'நேட்டிவ்' என்னும் சொல்லை ஓரிடத்தில் 'சுதேசி' எனவும் வேறோரிடத்தில் 'மக்கள்' எனவும் பெயர்த்தால் அதன் தொனி மறைந்துபோம். ஒரே சொல்லால் பெயர்த்து, குறிப்பில் விளக்குதல் நன்று. தமிழ் மூலத்தில் கடவுளின் பெயரையும் மாற்றலாகாது. பப்ரிசியுஸ் காலத்தார் எழுதிய 'பராபரன்', 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பில் நிலைத்த 'தேவன்', 1995-ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பின் 'கடவுள்' ஆகியன வெவ்வேறு காலத்தின் அடையாளங்கள். இழிவான சாதிப் பெயர்களை மூலத்தில் உள்ளவாறு விட்டு, நம் தலைப்புகளிலும் முன்னுரையிலும் விலக்க வேண்டும்.

ஐந்தாவதாக, ஒரு சமூகத்தைப் பற்றி எழுதப்பட்ட நூலின் முன்னுரையை அச்சமூகத்தைச் சேர்ந்த அறிஞர் ஒருவர் எழுதுதல் அல்லது பார்வையிடுதல் வேண்டும். மூலத்தை மாற்றும் உரிமை எவருக்கும் இல்லை. விளக்கம் கூறும் உரிமை முதலில் அவர்களுக்கு உண்டு.

ஆறாவதாக, சட்டநிலையை அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கழிந்தபின் அவர் வாழ்நாளில் வெளியான நூல் பொதுவுடைமையாகிறது. வில்சன், கால்டுவெல் ஆகியோரின் அச்சு நூல்களுக்குத் தடையில்லை. ஆனால் அண்மையில் ஒருவர் செய்த தமிழாக்கமும் எழுதிய முன்னுரையும் அவர் உரிமையே.

முடிவுரை

இவ்வளவும் பெரிய நிறுவனங்களால் மட்டுமே ஆகக்கூடியவை எனக் கருத வேண்டியதில்லை. போச்சம்பள்ளியிலிருந்து சென்னையைவிடப் பெங்களூர் அண்மையானது. அங்குள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் மிஷன் ஆவணங்கள் பல பாதுகாக்கப்படுகின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியும், மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியும் உள்ளன. வில்சனின் கடிதத்தைத் தேடுவோர், அவருடைய மருமகன் ஜோசையா பேட்மன் எழுதி 1860-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலிருந்து தொடங்கலாம்.

வட்டாரத்துப் போதகர் நால்வர் மாதம் ஒருமுறை கூடி, அக்கடிதத்தைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கலாம். அதனுடன் நான்கு பக்க முன்னுரையும், சாஸ்திரியார் தரப்பின் சுருக்கமும், குரல் கேட்கப்படாதோரைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பும் சேர்த்தால், டெம்மி அளவில் ஒரு பாரமோ இரண்டு பாரமோ ஆகும். மெய்ப்பை இருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தெலுங்கும் கன்னடமும் பேசும் சபையாருக்கு அதனை வாய்மொழியாக விளக்குவாரும் அந்நால்வருள் இருப்பர். பின்பு அச்சிறுநூலைச் சபைக் குழுவில் வைத்து, வில்சன் பட்டியலிட்ட வெளிச்செயல்களை ஒவ்வொன்றாக வாசித்து, இவற்றுள் எது நம்மிடையே நின்றது, எது வேறு பெயரில் தொடர்கிறது எனக் கேட்கலாம். கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய கேள்வி அன்று மாலையே எழக்கூடும். அதற்கு மறுமொழி 1833-ஆம் ஆண்டுக் கடிதத்தில் இராது. சபையார்தாம் அதனை எழுத வேண்டியிருக்கும்.